'போர்முனை' என்ற கட்டம் காலியாக இருப்பவர்களுக்காக ஒரு திறந்த மடல்

உலகப் போர் நினைவுச் சுவர் அமைக்கும் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பெயர் பொறிக்கக் கேட்டு வந்த விண்ணப்பங்களில் ஒரு கட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் ஒரே குறிப்பு: "பணியாற்றிய போர்முனை குறிப்பிடப்படவில்லை." ஆவடி, கிர்க்கி, ஜபல்பூர் என்று ராணுவக் கிடங்கு இருந்த ஊர்களை எழுதியிருந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: "இவை போர்முனைகள் அல்ல." அல்லதான். அந்த ஊர்களைப் படிவத்தில் எழுதியவர்கள் அவற்றை போர்முனை என்று சொல்லவும் இல்லை. தாத்தா எங்கே இருந்தாரோ அந்த ஊரை எழுதினார்கள், அவ்வளவே.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்தக் கட்டம் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்குள்ளேயே பணிபுரிந்த சிப்பாய்களின் பெயர்களையும் அதே சுவரில், அதே எழுத்தளவில் பொறியுங்கள்.

போர் முடியும்போது இந்திய ராணுவம் சுமார் 25 லட்சம் பேராக வளர்ந்திருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒரே நாளில் ஒரே வரிசையில் நின்று கைநாட்டு வைத்த இருவரில் ஒருவரை இம்பால் போர்முனைக்கும் மற்றவரை கிடங்குக்கும் அனுப்பியது ஆணை. அதில் சிப்பாயின் விருப்பத்துக்கு இடமில்லை.

கிடங்கு என்றால் நிழலில் உட்கார்ந்து கணக்கெழுதுவது என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வெடிமருந்துக் கிடங்கில் சிப்பாயின் ஒரு நாளைப் பாருங்கள். 25 பவுண்டர் பீரங்கியின் குண்டு ஒன்றே 11 கிலோவுக்கு மேல். அது பெட்டி பெட்டியாக வேகனிலிருந்து இறங்கும். தரைக்கும் பெட்டிக்கும் நடுவே மரக்கட்டை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடியில் ஈரம் ஏறும், கூடவே கரையானும் ஏறும். குண்டை வெடிக்கச் செய்யும் ஃப்யூஸும் டெட்டனேட்டரும் குண்டுகளோடு சேரக் கூடாது, தனிக் கொட்டகை. ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே இடைவெளி விட்டு மண்கரை எழுப்ப வேண்டும். ஒன்று வெடித்தாலும் பக்கத்து அடுக்கு தப்பும். சுற்றிலும் புல்லை வேரோடு செதுக்கி வெறும் தரையாக வைத்திருக்க வேண்டும். மழை பெய்து ஒரு வாரத்தில் புல் திரும்ப முளைக்கும், திரும்பச் செதுக்க வேண்டும்.

உள்ளே போகுமுன் தீப்பெட்டி, பீடி எல்லாம் வாசலில். இரும்பு ஆணி அடித்த பூட்ஸும் வாசலில்தான், கல்லில் உரசினால் பொறி பறக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கார்டைட், அதாவது குண்டைச் செலுத்தும் வெடிமருந்து, கெட்டுப்போகும். அதை நிலையாக வைத்திருக்கும் பொருள் சூட்டில் வேகமாகத் தீர்ந்துவிடுவதே காரணம். முற்றிலும் தீர்ந்தால் கார்டைட் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய லாட்டை, அதாவது முன்பு வந்த சரக்குத் தொகுதியை, பிரித்துத் தனியே ஒதுக்க வேண்டும். பிரிப்பதென்றால் அடுக்கு முழுவதையும் கையால் இறக்கி, கையால் ஏற்றுவது. இத்தனையும் மாதம் 18 ரூபாய் அளவிலான சம்பளத்துக்கு.

இந்த ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு பம்பாய் துறைமுகம் சாட்சி. 1944 ஏப்ரல் 14 அன்று ஃபோர்ட் ஸ்டிகின் கப்பலில் பஞ்சு மூட்டையும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் பிடித்த தீ வெடிமருந்துக்குப் போனது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பம்பாயும் போர்முனை இல்லைதான்.

1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. போடுமுன் உங்கள் குழுவிடம் சான்றிதழ் வாங்கியிருந்தால் அந்த ஊர்களும் போர்முனைப் பட்டியலில் சேர்ந்திருக்கும். வாங்காமல் விட்டது அவர்கள் பிழை. மன்னிக்கவும், சொல்ல வந்தது வேறு.

பதக்கத்தைப் பற்றியும் உங்கள் குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. "நட்சத்திரப் பதக்கம் இல்லை, எனவே போர்ச் சேவை இல்லை" என்கிறீர்கள். ஆறு முனை கொண்ட வெண்கல நட்சத்திரங்கள் போர்ப் பகுதிகளில் இருந்தவர்களுக்கானவை. இந்தியாவிலேயே மூன்றாண்டு பணிபுரிந்தவர்களுக்கு இந்தியா சர்வீஸ் மெடல் என்று வட்டப் பதக்கம் ஒன்று தனியாகவே இருந்தது. 28 நாள் முழுநேரச் சேவைக்கு வார் மெடல் என்று இன்னொரு வட்டப் பதக்கம். விண்ணப்பத்துடன் வந்த படங்களில் இரண்டு வட்டங்கள் மட்டும் இருந்தால், அந்த வீட்டில் ஒரு பதக்கம் தொலைந்துவிட்டது என்று பொருளல்ல. உள்நாட்டுச் சேவை செய்தவரிடம் இருக்க வேண்டியதே அவ்வளவுதான்.

இன்னொன்று. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் டெல்லி 1939–1945 நினைவுச் சின்னம், போர் நடக்காத பகுதிகளில் சேவையில் இருந்தபோது இறந்த 25,000-க்கும் மேற்பட்ட பிரிக்கப்படாத இந்தியாவின் வீரர்களுக்கானது. மலேரியாவும் லாரி விபத்தும் கிடங்குத் தீயும் கொன்றவர்களை அந்த ஆணையம் விலக்கவில்லை. நம்மூர்ச் சுவருக்கு மட்டும் அதைவிடக் கடுமையான விதி எதற்கு?

அந்தச் சேவை எல்லாமே பெருமைக்குரியது என்று நாங்கள் வாதாடவில்லை. 1942 ஆகஸ்ட் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை அடக்க 50-க்கும் மேற்பட்ட பட்டாலியன்கள் இறக்கப்பட்டன. தண்டவாளத்தைச் சொந்த மக்களிடமிருந்து காவல் காத்தவனும் இந்தச் சிப்பாய்தான். அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சத்தில், வேவல் வைஸ்ராய் ஆன பிறகு, கிராமங்களுக்கு அரிசி கொண்டுபோனதும் அதே ராணுவ லாரிகள். இரண்டையும் எழுதுங்கள். எழுதாமல் விடுவதற்குத்தான் ஆட்சேபம்.

சரிபார்ப்பது கடினம் என்பீர்கள். கடினமில்லை. பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே ரெஜிமென்டில் பத்து முனுசாமி இருப்பார்கள், குமாஸ்தா ஒவ்வொருவரையும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும் படை எண்ணையும் பிரிவையும் முதலில் எடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சாப்பர் (பொறியாளர் படை) என்றால் பெங்களூர், ஆர்டனன்ஸ் (தளவாடப் பிரிவு) என்றால் செகந்திராபாத் என்று ஆவண அலுவலகங்கள் இருக்கின்றன. எண், பிரிவு, சேர்ந்த தேதி, விடுவித்த தேதி ஆகிய நான்கையும் எழுதிக் கேளுங்கள். பிறந்த தேதியில் ஒரு வருட வித்தியாசம் வந்தால் தள்ளுபடி செய்யாதீர்கள். சேர்ந்தபோது வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் நிறையப் பேர். பிறந்த ஆண்டு பொருந்தாது, எண் பொருந்தும்.

திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களைத் தாங்களே மீண்டும் வாங்கிக்கொள்ள வேண்டுகிறோம். குடும்பங்களை இன்னொரு முறை நோட்டரியிடம் அலைய விட வேண்டாம். பேரப்பிள்ளைகளே அறுபதைத் தாண்டியவர்கள். போர்முனைக் கட்டத்தில் 'உள்நாட்டுச் சேவை' என்று எழுத இடம் கொடுங்கள். கல்தச்சர் வேலையைத் தொடங்குமுன் இதைச் செய்தால் போதும்.

தயவுகூர்ந்து பரிசீலிக்கவும்.

இப்படிக்கு,
உள்நாட்டுச் சேவைச் சிப்பாய்களின் ஆவணங்களைத் தொகுப்போர்