எர்த்திங் விரிப்பின் ஒயரில் பாதுகாப்பு ரெசிஸ்டர் இல்லை: நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: வெள்ளி இழைப் படுக்கை விரிப்புடன் வந்த ஒயரில் ரெசிஸ்டர் இல்லாதது, பிளக், துணி ஆகியவற்றின் குறைகள், கையேட்டில் உள்ள மருத்துவ வாக்குறுதிகள் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் எர்த்திங் படுக்கை விரிப்பை வாங்கிய வாடிக்கையாளர்கள் நாங்கள். சாக்கெட்டின் எர்த் துளையோடு ஒயரால் இணைத்து, மேலே படுப்பவரின் உடலைப் பூமியோடு தொடர்பில் வைக்கும் விரிப்பு அது. பெட்டியின் மேல் “1 மெகா ஓம் பாதுகாப்பு ரெசிஸ்டர் பொருத்தப்பட்டது” என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அந்தச் சிறு பாகம் உள்ளே இருக்கும் ஒயரில் இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் எதுவும் வேண்டியதில்லை. ஒயரைச் சாக்கெட்டிலிருந்தும் விரிப்பிலிருந்தும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவீட்டில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையை விரிப்பில் மாட்டும் பிரஸ் பட்டனிலும் வைத்தால் போதும். 0.8 ஓம் காட்டுகிறது. மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.3 ஓமைக் கழித்தால் மிஞ்சுவது அரை ஓம். அது செம்புக் கம்பியின் தடை மட்டுமே. கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டி அளவீட்டில் வைத்தால் பீப் சத்தமும் கேட்கிறது. 1 மெகா ஓம் உள்ள ஒயர் என்றால் பீப் வரவே வராது, மீட்டரில் பத்து லட்சத்தை ஒட்டி ஓர் எண் வந்திருக்க வேண்டும். பிளக்கைத் திறந்து பார்த்தோம்: எர்த் பின்னில் கம்பி நேராகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பட்டன் பக்கத்து உறையைக் கீறிப் பார்த்தாலும் அதே கதைதான்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் சேவைப் பிரிவு தந்த விளக்கம்: “ரெசிஸ்டர் இருந்தால் பூமியிலிருந்து வரும் எலக்ட்ரான் ஓட்டம் தடைபடும், வெறுங்காலில் நடப்பவருக்கு ரெசிஸ்டர் ஏது? அதனால் புதிய மாடலில் எடுத்துவிட்டோம்.” தெரிந்தே எடுத்துவிட்டுப் பெட்டியில் மட்டும் பழைய வாசகத்தை விட்டுவைத்திருப்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த விளக்கமே தவறு என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

மனித உடலின் மின்தேக்குத் திறன் ஏறத்தாழ 100 முதல் 200 பிக்கோஃபாரட். 1 மெகா ஓம் வழியாக அந்த உடலில் உள்ள நிலைமின்னூட்டம் வடிய ஆகும் நேரம் ஒரு மில்லி செகண்டில் சிறு பங்கு. கண் இமைப்பதற்குள் பல நூறு முறை வடிந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் நிலைமின்சாரத்தை வடியவிடக் கையில் கட்டும் ஆன்டி ஸ்டேட்டிக் பட்டையிலும் இதே 1 மெகா ஓம் ரெசிஸ்டர்தான் இருக்கிறது. உடலை எர்த்தின் மின்னழுத்தத்தில் வைத்திருக்க அது போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வெறுங்காலில் நிற்பவருக்கும் மண்ணுக்கும் நடுவில்கூடத் தோலும் மண்ணும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஓம் தடையைத் தருகின்றன. அதோடு தோட்டத்து மண்ணில் நிற்பவர் கையில் சார்ஜர் ஒயர் இருப்பதில்லை. படுக்கையில் இருப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் செல்போன் சார்ஜர், மேசை விளக்கு, ஃபேன் ஸ்விட்ச் எல்லாம் இருக்கின்றன.

ஆபத்து அங்கேதான். விரிப்பு தானாக யாருக்கும் ஷாக் கொடுப்பதில்லை. ஆனால் விரிப்பில் வெறும் உடம்போடு படுத்திருப்பவர் முழுக்க எர்த் ஆன நிலையில் இருக்கிறார். இன்சுலேஷன் பழுதான ஒரு சார்ஜரையோ, வெளிக்கூட்டில் மின்கசிவு உள்ள இரும்பு விளக்கையோ அவர் தொட்டால், மின்சாரம் கை வழியாக நுழைந்து மார்பைக் கடந்து முதுகு வழியாக விரிப்புக்குப் போகிறது. உடலின் தடையை 1000 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இதில் சிறு பங்கே போதும். மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும்படி அமைக்கப்படுவது அதனால்தான். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இந்த மின்னோட்டத்துக்கு, மின்சுமை மிகும்போது துண்டிக்கும் எம்சிபி அசையக்கூட அசையாது, அது பல ஆம்பியருக்கு மேல்தான் துண்டிக்கும். அதே விபத்தில் ஒயரில் 1 மெகா ஓம் இருந்தால் ஓடுவது 0.23 மில்லி ஆம்பியர். படுத்திருப்பவருக்கு அது உறைக்கக்கூடச் செய்யாது. 100 கிலோ ஓம் இருந்திருந்தால் 2.3 மில்லி ஆம்பியர்: சுரீர் என்று இருக்கும், கையை எடுத்துவிடலாம், உயிர் போகாது. நீங்கள் எடுத்துவிட்ட அந்த அரிசியளவு பாகம் செய்யும் வேலை இது.

இன்னொரு வழியும் இருக்கிறது. எர்த் ஒயரே இழுக்காத சாக்கெட்டில், சோம்பேறித்தனமாக, மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் முனைக்குக் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் நியூட்ரல் எங்காவது அறுந்தாலோ, மின்சாரம் வரும் கம்பியான ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலோ, சாக்கெட்டின் எர்த் துளையே 230 வோல்ட்டில் நிற்கும். மின்இணைப்பு வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்திருக்கும் அமைப்புகளில், வெளியே தெருவில் நியூட்ரல் அறுந்தாலும் இதே நிலை வரலாம். உங்கள் கையேடு “மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டரில் சரி என்று காட்டினால் பயன்படுத்தலாம்” என்கிறது. நியூட்ரலிலிருந்து எடுத்த எர்த்தை அந்த டெஸ்டர் கண்டுபிடிக்காது, சரி என்றே காட்டும். எர்த்தின் தடை எத்தனை ஓம் என்பதும் அதற்குத் தெரியாது. எலக்ட்ரீஷியன் எர்த் டெஸ்டர் கொண்டு அளந்து சொல்வதுதான் சோதனை.

மாற்று ஒயர் அனுப்புவதானால் ரெசிஸ்டரை எந்த முனையில் வைக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். பிளக்குக்குள் வைத்தால், அங்கிருந்து கட்டில் வரை வரும் ஒயர் நசுங்கி, கரண்ட் உள்ள ஏதாவது ஒன்றில் உரசும்போது ரெசிஸ்டர் பின்னால் நின்றுவிடும், உடலுக்கு எந்தத் தடுப்பும் இருக்காது. பட்டன் முனையில், உடலுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். கட்டில் காலுக்கடியில் மாட்டி நசுங்குவது இந்த ஒயர்களுக்கு அடிக்கடி நேர்வதுதான்.

பிளக்கின் கதையும் நன்றாக இல்லை. மூன்று பின்னில் இரண்டு பிளாஸ்டிக், எர்த் பின் மட்டும் உலோகம் என்ற அமைப்பு சரியானதுதான். ஆனால் அந்த உலோகப் பின் முழுத் தண்டாக இல்லை, மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. சாக்கெட்டின் எர்த் துளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் தகடு அதைப் பிடிப்பதில்லை. ஒயரை லேசாக இழுத்தாலே தொடர்பு விட்டுப்போகிறது. பெட்டியில் போட்டிருக்கும் “எந்த நாட்டுச் சாக்கெட்டுக்கும் பொருந்தும்” அடாப்டரோ இதைவிட மோசம். அதன் மறுபக்கத்தில் இரண்டே பின்கள்தான், எர்த் இணைப்பே கிடையாது. பக்கவாட்டுப் பிடிகளில் எர்த் வரும் சாக்கெட்டில் அதைச் செருகினால், வாங்கியவர் எர்த் ஆகிவிட்டதாக நினைத்துப் படுத்திருப்பார். விரிப்பு எதனுடனும் இணைந்திருக்காது.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளி இழைகள் கட்டம் கட்டமாக நெய்யப்பட்டிருக்கின்றன. பட்டன் இருக்கும் மூலைக்குப் பக்கத்தில் 12 ஓம் வருகிறது, எதிர்மூலையில் மீட்டர் எதையும் காட்டவில்லை. ஓரம் மடித்துத் தைத்த இடத்தில் இழை அறுபட்டிருப்பது பூதக்கண்ணாடியில் தெரிகிறது. விரிப்பில் பாதி வெறும் பருத்தித் துணி. கையேட்டில் “ப்ளீச் போட்டு வெளுக்கலாம்” என்று வேறு இருக்கிறது. குளோரின் பட்டால் வெள்ளி வெள்ளி குளோரைடாக மாறிக் கடத்துதிறனை இழக்கும். துணி மென்மையாக்கும் திரவம் இழையின் மேல் படலமாகப் படியும், உடலில் பூசும் கிரீமும் எண்ணெயும் அப்படியே. மிதமான சோப்பு, 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், ப்ளீச் கூடாது, இஸ்திரி கூடாது: இதுதான் எழுதப்பட வேண்டியது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும் என்ற ஒரு வரிகூட அந்தப் பதினாறு பக்கக் கையேட்டில் இல்லை.

உங்கள் விளம்பர வீடியோவில் ஒருவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கையில் பிடிக்கிறார், மறுமுனை எர்த்தில். மூன்று வோல்ட் காட்டுகிறது. விரிப்பைத் தொட்டதும் பூஜ்யத்தை ஒட்டி இறங்குகிறது. “உடலில் இருந்த கெட்ட மின்சாரம் வெளியேறிவிட்டது” என்கிறார். சுவரில் ஓடும் மின்கம்பிகள் காற்றின் வழியே உடலோடு மின்தேக்கி போல இணைவதால் வரும் அளவீடு அது. மைக்ரோ ஆம்பியர் அளவில் ஓடும் மின்னோட்டத்தை 10 மெகா ஓம் உள்தடை கொண்ட மீட்டர் வோல்ட்டாகக் காட்டுகிறது. எர்த் செய்தால் மின்னழுத்தம் இறங்கும், உண்மை. ஆனால் அந்தச் சிறு மின்னோட்டம் அப்போதுதான் உடல் வழியாக எர்த்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடுகிறது. விரிப்பு எர்த்தோடு இணைந்திருக்கிறதா என்று பார்க்க இது நல்ல சோதனை. உடல்நலத்துக்கு இது சான்றாகாது.

கையேட்டின் கடைசிப் பக்கம்தான் எங்களை மிகவும் வருத்துகிறது. “இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகளின் தேவை குறையும்” என்று எழுதியிருக்கிறீர்கள். எதை வைத்து? 2004-இல் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் பற்றி வந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 12 பேர். 2010-இல் உடற்பயிற்சிக்குப் பிந்தைய தசைவலி பற்றிய முன்னோட்ட ஆய்வில் 8 பேர். 2013-இல் இரத்தத்தின் பிசுபிசுப்பைப் பற்றி வந்த ஆய்வில் 10 பேர், இரண்டு மணிநேர எர்த்திங். இத்துறையில் அதிகம் எழுதியிருக்கும் ஆய்வாளர்களில் சிலர், எர்த்திங் ஆய்வுக்குப் பணம் தரும் நிறுவனத்தில் தங்களுக்குப் பங்கு உண்டு என்று கட்டுரையிலேயே அறிவித்திருக்கிறார்கள். மேலும் பெரிய ஆய்வுகள் வேண்டும் என்று சொல்லலாமே தவிர, ஒருவரை மாத்திரையை நிறுத்த வைக்க இவை போதவே போதாது. இதய வால்வு மாற்றியவர் ஒருவர் உங்கள் வரியை நம்பி ஒரு வாரம் மாத்திரையை விட்டால் இரத்தக்கட்டி உருவாகலாம். புல்தரையில் வெறுங்காலுடன் நடப்பதால் கிடைக்கும் அமைதியை நாங்கள் மறுக்கவில்லை. அதை மதிப்பதால்தான் இந்த விரிப்பையும் வாங்கினோம். அந்த நம்பிக்கையின் மேல் இப்படிப்பட்ட வரிகளை ஏற்றாதீர்கள்.

எங்கள் கோரிக்கைகள்: விரிப்புக்கான முழுத் தொகையையும் அனுப்பும் செலவோடு திருப்பித் தர வேண்டும். இந்த மாடல் ஒயரை வாங்கிய அனைவருக்கும், உடனே பிளக்கைக் கழற்றும்படி எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும்; பட்டன் முனையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உள்ள ஒயரை, ஒவ்வொன்றையும் அளந்து எழுதிய சோதனைச் சீட்டோடு, இலவசமாக அனுப்ப வேண்டும். அதுவரை விற்பனையை நிறுத்தி வையுங்கள். எர்த் இல்லாத அடாப்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மாத்திரை பற்றிய வாசகத்தைக் கையேட்டிலிருந்தும் விற்பனைப் பக்கத்திலிருந்தும் நீக்க வேண்டும்.

அளவீட்டின் புகைப்படங்கள், திறந்த பிளக்கின் படம், ரசீதின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். ஒயரும் விரிப்பும் எங்களிடம் அப்படியே இருக்கின்றன. உங்கள் பொறியாளர் வந்து எங்கள் முன்னிலையில் அளந்து பார்க்கலாம். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் மின்பொருள் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அதிகாரிகளிடமும் புகார் அளிப்போம்.

இப்படிக்கு,
விரிப்பை வாங்கிய வாடிக்கையாளர்கள்