பூத்துக்குள்ள என்ன நடக்கும்னு ஒரு பக்கம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

தேர்தல் வந்துட்டாலே உங்க பத்திரிகைல கூட்டணி கணக்கு, யாருக்கு சீட்டு கிடைக்கல, யார் எந்தப் பக்கம் தாவுனாங்கன்னு பக்கம் பக்கமா வருது, நானும் விடாம படிக்கிறேன்தான், ஆனா பூத் வாசப்படிய தாண்டுனா உள்ள என்ன நடக்கும்னு மட்டும் யாரும் எழுத மாட்டேங்கறீங்க. ஓட்டு போடாதவங்கள சோம்பேறின்னு ஈசியா சொல்லிடறோம். எங்க பக்கம் நான் பாத்தவரைக்கும் பாதி பேருக்கு கூச்சம்தாங்க, தப்பா எதையாவது அமுக்கி நாலு பேர் முன்னாடி திட்டு வாங்கிடுவோமோன்னு பயம்.

நான் கரூர் தொகுதி. 2024 எம்பி தேர்தல்ல எங்க ஊர்ல 54 பேர் போட்டி, நோட்டாவோட 55, ஒரு மெஷின்ல 16 பட்டன்தான் இருக்கும்ங்கறதால நாலு மெஷின வரிசையா வெச்சாங்க. கண்ணு மங்குன ஒரு பெரியம்மா அதுல சின்னத்த எங்கன்னு தேடும்? (1996ல மொடக்குறிச்சில 1,033 பேர் நின்னாங்களே, அதுக்கு இது தேவலதான்.)

எங்க மகளிர் குழு கூட்டத்துல ஒருநாள் இந்தப் பேச்சு வந்துச்சு. ஒரு அக்கா கேட்டாங்க, "ஓட்டு மெஷின் பக்கத்துல இருக்கற பெட்டில கண்ணாடிக்குள்ள ஒரு சீட்டு வருதே, அத நம்ம கையில தரமாட்டாங்களா?" தரமாட்டாங்க. நீங்க போட்ட சின்னம் அதுல 7 செகண்ட் தெரியும், அப்புறம் தானா கீழ பெட்டில விழுந்துடும், பீப் சத்தம் வந்தா முடிஞ்சுது. சத்தம் வரலன்னா அங்கயே நின்னு ஆபீசர்கிட்ட சொல்லணும், பேசாம வந்துடக் கூடாது.

அடுத்து மெதுவா இன்னொரு கேள்வி வந்துச்சு, இதான் நெசமான கேள்வி. "காசு குடுத்தவங்களுக்கு மாத்தி போட்டது தெரிஞ்சிருமா?" அந்த சீட்டுல சின்னமும் வேட்பாளர் பேரும் நம்பரும்தான் இருக்கும், நம்ம பேரு எதுலயும் இருக்காது. எண்ணி முடிச்சப்புறம் இந்த பூத்துல இந்த கட்சிக்கு இத்தனைன்னு வேணா தெரியும், அத வெச்சுகிட்டுதான் லோக்கல் ஆளுங்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி மிரட்டறது. யார் போட்டதுன்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்? இத சொன்னதும் அந்த அக்கா முகத்த பாக்கணுமே நீங்க.

அப்புறம் நம்ம ஓட்ட வேற யாரோ போட்டுட்டாங்கன்னா அழுதுகிட்டே திரும்பி வர்றவங்க இன்னமும் இருக்காங்க. தேர்தல் நடத்தற விதிகள்ல 49P-ன்னு சொல்லி கேட்டா, நீங்கதான் அந்த ஆள்னு சரிபாத்துட்டு காகித ஓட்டு குடுக்கணும், அதுல போட்டு கவர்ல வெச்சுடுவாங்க. அது சாதாரணமா எண்ணிக்கைல வராது, கோர்ட் கேஸ்னு போனாதான் வெளிய எடுப்பாங்க, அதையும் மறைக்காம சொல்லிடணும், இல்லன்னா ஏமாத்தின மாதிரி ஆயிடும்.

பார்வை இல்லாதவங்க, உடம்பு முடியாம தானா பட்டன் அமுக்க முடியாதவங்க 18 வயசு முடிஞ்ச ஒருத்தர துணைக்கு கூட்டிட்டு போகலாம். ஆனா ஒரே ஆள் அன்னிக்கு ரெண்டு பேருக்கு துணையா போக முடியாது, அதனால கட்சிக்காரர் "வாங்க ஆத்தா நான் போட்டுத் தர்றேன்"னு வரிசையா ஒவ்வொருத்தரா கூட்டிட்டு போனா தாராளமா சண்டை போடலாம். 85 தாண்டுனவங்களுக்கு 12டி பாரம் குடுத்தா வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கறாங்க, ஆனா தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள்ள குடுக்கணும், நம்மாளுங்க விசாரிக்கறதுக்குள்ள அது முடிஞ்சிடுது. பூத் சிலிப் மட்டும் அடையாளத்துக்கு செல்லாதுங்கறதும் பலருக்கு தெரியல, வோட்டர் ஐடியோ ஆதார் மாதிரி வேற அடையாள அட்டையோ கையில இருக்கணும்.

இதெல்லாம் ரகசியம் இல்லைங்க, 1950க்கு போன் போட்டா சொல்வாங்க. ஆனா என்ன கேக்கறதுன்னே தெரியாதவங்க எப்படி போன் போடுவாங்க? அதனாலதான் உங்கள கேக்கறேன், அடுத்த தேர்தலுக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கம், ரேஷன் கடை சுவத்துல ஒட்டற மாதிரி பெரிய எழுத்துல, மெஷின் படத்தோட போடுங்க. படத்துல நெசமான கட்சி சின்னம் எதுவும் வேண்டாம், இருந்தா அடுத்த கட்சிக்காரர் சாயந்தரத்துக்குள்ள கிழிச்சுப் போட்டுடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கரூர் மாவட்டம்