பென்னாகரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த அக்காவுக்கு

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். கண் சிவந்து, வலி கூடி, முந்தின நாள் தெரிந்த முகம்கூட மங்கிவிட்டது. தூசி பட்டிருக்கும், சொட்டு மருந்து போட்டால் சரியாகும் என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள்தான் அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, "லேசான உறுத்தல் இருக்கலாம் தம்பி, ஆனா வலி கூடி பார்வை குறையக் கூடாது. நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்றீர்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் எங்களோடு இறங்கி, ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறினீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

கண்ணுக்குள் கிருமித் தொற்று என்றார் டாக்டர். அரிதாகத்தான் வருமாம், ஆனால் வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமாம். அன்றே கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள்.

பார்வை முழுசாகத் திரும்பவில்லை. ஆனாலும் அம்மா இப்போது வாசலில் உட்கார்ந்து கேழ்வரகில் கல் பொறுக்குகிறார். என் மகள் தெருமுனையில் வரும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். உங்களைத்தான் அடிக்கடி கேட்கிறார்.

ரொம்ப நன்றி அக்கா.