மர வீடு அலுவலகத்துக்கு ஒத்துவராதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலைக்கு அருகே பழைய மர வீடு ஒன்று தணிக்கையாளர் அலுவலகமாக மாறியதைக் கடந்த ஞாயிறு இணைப்பில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். வீட்டை இடிக்காமல் விட்டார்களே என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால், "மரச்சுவர்கள் அலுவலகத்துக்கு ஒத்துவராது என்பதால் அறுத்து அகற்றப்பட்டன" என்ற வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் நிரை என்று சொல்லும் பலகைச் சுவரை அறுக்கத் தேவையே இல்லை என்பது தாங்கள் அறியாததல்ல. மரச்சட்டத்தின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், செருகி நிறுத்திய பலகைகள் அவை. கைதேர்ந்த ஆசாரி ஒருவர் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் போட்டு, மச்சில் அடுக்கி வைத்து, வேண்டியபோது மறுபடியும் பூட்டிவிடலாம். வாள் பட்ட அயினி மரப் பலகையை இனி யார் பூட்டுவது?

பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கும்போது இப்படி எழுத எப்படி மனம் வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் அரசே அந்த மர மாளிகையில் இருந்துதான் நடந்தது. மன்னர் அமைச்சர்களோடு கூடிய மந்திரசாலையில் இன்றும் நண்பகலில் போய் நின்று பாருங்கள். மரச்சட்டங்களின் இடைவெளியில் காற்று வரும், வெயில் வராது. என் தந்தை வாழ்நாள் முழுவதும் ஆதாரம் எனும் சொத்துப் பத்திரம் எழுதியதும் எங்கள் வீட்டு மர அழிகளுக்கு, அதாவது மரக் கம்பித் தடுப்புக்கு, பின்னால் உட்கார்ந்துதான். மரத்துக்குத் தவறாமல் முந்திரித்தோட்டு எண்ணெய் பூசினோம். அவருடைய ஆவணப் பெட்டியில் கரையான் ஏறியதில்லை.

எங்கள் வீட்டுக்குக் கேடு வந்தது பிற்பாடு. பொறியாளர் ஒருவர் சொற்படி தரையை உயர்த்தி டைல்ஸ் பதித்தபோது, கருங்கல் பீடத்தின்மேல் நின்ற தூண்களின் அடி சிமெண்டுக்குள் புதைந்தது. ஈரம் ஆற வழியில்லாமல் தேக்குத் தூண்கள் கீழிருந்தே இற்றுப்போயின. நீங்கள் வெளியிட்ட படத்திலும் பளபளக்கும் தரை தெரிகிறதே ஒழிய, தூணின் கல் தெரியவில்லை. ஓட்டைத் தாங்கும் கழுக்கோல்களையும் பொய்க்கூரை போட்டு மறைத்துவிட்டார்கள். இனி ஓடு ஒழுகினால் உத்தரம் உளுத்துக் கீழே இறங்கும்போதுதான் தெரியும்.

1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டத்தார் நாங்கள் தமிழகத்தோடு இணைந்தோம். ஆனாலும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை இன்றுவரை பராமரிக்கிறது. அதன் மதிலுக்கு வெளியே, நம் பொறுப்பில் இருக்கும் வீடுகளுக்கு, நான் ஏறி இறங்கிய அலுவலகங்கள் எதிலும் ஒரு பட்டியல்கூட இல்லை. பாரம்பரியக் கட்டடங்களுக்கென 2012-இல் சட்டப்பேரவை இயற்றிய சட்டமே பத்தாண்டுகளுக்கு மேல் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. எஞ்சிய வீடுகளின் உரிமையாளர்கள் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வாளைத் தேடினால், நான் யாரிடம் போய் முறையிடுவது?

அடுத்த இதழில், நிரைச்சுவரை அறுக்காமலே கழற்றலாம் என்று மர ஆசாரி ஒருவரைக் கேட்டு நான்கு வரிக் குறிப்பாவது வெளியிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தக்கலை.