நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விருப்ப ஓய்வில் (வி.ஆர்.எஸ்.) போகப்போவதாக எழுதியிருந்தாயே, அந்த விஷயத்தில்தான் ஒன்று கேட்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கான ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமான யு.பி.எஸ்.-க்கு எழுதிக் கொடுத்தாயே, இடையில் வெளியே வந்தால் பென்ஷன் எப்போது தொடங்கும் என்று பார்த்தாயா?

20 வருடம் முடித்தவருக்கு விருப்ப ஓய்விலும் யு.பி.எஸ். பென்ஷன் உண்டு. ஆனால் வழக்கமாக ஓய்வு பெற்றிருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் வரும். உனக்கு இப்போது 51. ஒன்பது வருடம் மாதப் பணம் கிடையாது.

தொகையையும் போட்டுப் பார். கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரி 80,000 ரூபாய் என்றால் அதில் பாதி 40,000. அது முழுதாகக் கிடைக்க 300 மாதச் சேவை வேண்டும், உனக்கு 264தான். ஆக 35,200. விலைவாசிக்கேற்பப் பென்ஷனோடு கூட்டித் தரும் அகவிலை நிவாரணம் பென்ஷன் தொடங்கிய பிறகுதான் சேரும் என்பதால், அறுபது வயது வரை அந்த எண் அசையாது. விலைவாசி வருடம் 6% ஏறினால், அன்றைய 35,200-க்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய 20,800! உன் ஓய்வூதியக் கணக்கில் உள்ள பணத்தில் 60% எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால், எடுத்த விகிதத்தில் பென்ஷனும் வெட்டுப்படும் என்பதை மறக்காதே. 60% எடுத்தால் மிஞ்சுவது மாதம் 14,080.

இந்த ஒன்பது வருடத்தைக் கடக்கக் கையில் என்ன வரும்? அகவிலைப்படி 58% என்று வைத்தால் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்து மாதம் 1,26,400. பணிக்கொடை அதில் கால் பங்கு வீதம், உன் 22 வருடத்தின் 44 அரையாண்டுக்கு 13,90,400. யு.பி.எஸ்.-இல் ஒரே தடவையாகத் தரும் மொத்தத் தொகை, அதே அரையாண்டுகளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் 5,56,160. எடுக்காத ஈட்டிய விடுப்பு 300 நாள் முழுதாக இருந்தால் அதற்கான பணம் 12,64,000. மூன்றும் சேர்ந்து 32 லட்சத்துக்குச் சற்று மேல். வட்டியை விட்டுவிட்டு 108 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அறுபதில் அது தீர்ந்திருக்கும், மகள் கல்யாணத்துக்கு ஒன்றும் இருக்காது.

இன்னொரு வழி, தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.-க்குத் திரும்புவது. ஒரே ஒரு முறை மாறலாம், மறுபடி யு.பி.எஸ். பக்கம் வர முடியாது. விருப்ப ஓய்வுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே மாறியாக வேண்டும். நோட்டீஸ் காலமும் அதே மூன்று மாதம்தானே? அதனால் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு யோசிக்க உட்கார்ந்தால் கதவு மூடியிருக்கும். மாறினால், என்.பி.எஸ்.-இல் அரசு செலுத்தும் 14 சதவீதத்துக்கும் யு.பி.எஸ்.-இன் 10 சதவீதத்துக்கும் உள்ள 4% வித்தியாசம் உன் கணக்கில் சேரும். வெளியேறும்போது 60% கையில், 40% ஆனுவிட்டிக்கு, அதாவது மாதாமாதம் பணம் தரும் காப்பீட்டுத் திட்டத்துக்கு. உன் கணக்கில் ஒரு கோடி இருந்து, ஆனுவிட்டி 6.5% என்றால், 40 லட்சத்துக்கு மாதம் சுமார் 21,600. உடனே தொடங்கும். ஆனால் அகவிலை நிவாரணம் இல்லை, வரியும் உண்டு.

என்னைக் கேட்டால் மூன்றாவது வழிதான் சரி: இன்னும் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. 300 மாதம் முழுதாகும், இடைவெளியும் ஆறு வருடமாகச் சுருங்கும். வருடா வருடம் 3% இன்கிரிமென்ட் மட்டும் சேர்ந்தாலே பாதிச் சம்பளம் 43,700-ஐ எட்டும்.

எப்படி முடிவெடுத்தாலும் மனுவில் ‘ராஜினாமா’ என்ற சொல் தலைகாட்டக் கூடாது. ராஜினாமா செய்தால் யு.பி.எஸ். பென்ஷன் கிடையாது, என்.பி.எஸ்.-இல் கையில் வருவது 20%தான், மீதி 80% ஆனுவிட்டிக்குப் போய்விடும். பணிப்பதிவேட்டில் சம்பளமில்லா விடுப்பு ஏதாவது கணக்கில் கழிகிறதா என்றும் எழுத்தில் கேட்டு வாங்கு. நாலு மாதம் கழிந்தால்கூட உன் 264 மாதம் 260 ஆகிவிடும்.

உன் ஓய்வூதியக் கணக்கின் பிரான் ஸ்டேட்மென்ட் நகலை அனுப்பு, உன் உண்மையான எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்