அந்தப் ‘போல’ எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெண்களுக்காகத் தொடங்கிய ஔவை இல்லத்தின் வரலாற்றை ஆசையோடுதான் படிக்க ஆரம்பித்தேன். கடைசிப் பத்தியில், “இன்று பலரும் அனாதைக் குழந்தைகளைத் தத்தெடுத்து, சொந்தப் பிள்ளை போலவே வளர்க்கிறார்கள்” என்று முடித்திருக்கிறீர்கள். அதென்ன ‘போல’?

முதலில் ‘அனாதை’க்கு வருகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்கள், சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசிகளாக்கும் பொட்டுக்கட்டு வழக்கத்திலிருந்து தப்பி வந்தவர்கள். மாணவியர் விடுதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால்தான் 1930-களின் தொடக்கத்தில் அந்த அம்மா தன் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அவருடைய தாயாரும் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர்தான். உங்களுக்குத் தெரியாததா? ஆனால் அதற்கு ஒரு வரிகூட இல்லை. ‘கருணை உள்ளம்’ மட்டும் நான்கு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1981-இல் ஓர் இல்லத்திலிருந்து மூன்று மாதக் குழந்தையை எடுத்து வந்தோம். நாங்கள் கிறிஸ்தவர்கள். 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கிய மதத்தவருக்கு மட்டும்தான். எங்களுக்குக் கிடைத்தது 1890-இல் வெள்ளைக்காரன் போட்ட காப்பாளர் சட்டம். ராத்திரியெல்லாம் தோளில் போட்டு நடந்தவள் நான். கோர்ட் தாளில் நான் ‘காப்பாளர்’. அதைப் பார்த்த பள்ளிக்கூட கிளார்க், விண்ணப்பத்தில் ‘பெற்றோர்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்தார், ஸ்கேல் வைத்து. எங்கள் சபை ஐயர் (பாதிரியார்) மட்டும் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் என்ற இடத்தில் எங்கள் பெயரை எழுதினார், ஒரு கேள்வியும் கேட்காமல்.

அவளுக்குத் தானாக வாரிசுரிமை வராது என்று வக்கீல் சொன்னதால், முப்பத்தைந்து வயதிலேயே என் வீட்டுக்காரர் உயில் எழுதினார். எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்று இளம் சிறார் நீதிச் சட்டம் 2000-இல் கதவைத் திறந்தது. அது தெளிவாவதற்கு 2006 ஆயிற்று. என் மகள் அதற்குள் கல்லூரியையே முடித்துவிட்டாள். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு உங்கள் கட்டுரையில் இடமில்லை, ஆனால் ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்’ பழமொழிக்குக் கட்டம் கட்டி இடம் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் அத்தை ஒருவரும் இதையேதான் சொல்வார்: “இத வளத்தியன்னா உனக்குன்னு ஒண்ணு தானா தங்கும்.” தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொல்வார்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் திருத்தம் என்று ஒரு மூலையில் போடுங்கள்: ‘சொந்தப் பிள்ளை போலவே’ என்பதை ‘சொந்தப் பிள்ளையாக’ என்று படிக்கவும். எழுத்துப்பிழைக்கெல்லாம் போடுகிறீர்களே. அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து என் மகள் தினமும் போனில், “என்ன போலம்மா, சாப்ட்டீங்களா?” என்று கேட்டுச் சிரிக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.