நாடகப் போட்டி நடுவர்களே, பாலையாவுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

கோலாலம்பூரில் தமிழ் நாடகப் போட்டி நடத்துகிறவர்களுக்கும், நடுவராக வந்து உட்காருகிறவர்களுக்கும் வணக்கம். கொஞ்சம் உரிமையோடுதான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சிறந்த நடிகர், சிறந்த நடிகை, சிறந்த வசனம், சிறந்த ஒப்பனை, சிறந்த ஒளியமைப்பு என்று எல்லாவற்றுக்கும் பரிசு வைத்திருக்கிறீர்கள். குணச்சித்திர நடிப்புக்கு மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் "அதெல்லாம் துணைப் பாத்திரம்தானே சார், தனியா எதுக்கு" என்கிறார்கள். சரி, அப்படியென்றால் ஒரு கேள்வி. டி.எஸ்.பாலையா இன்றைக்கு உங்கள் மேடை ஏறினால் அவருக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

பெரியவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, இளம் நடிகர்களுக்காகச் சொல்கிறேன். 1914இல் பிறந்தவர், நாடகக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். 1936இல் வந்த சதிலீலாவதிதான் முதல் படம். எம்.ஜி.ஆருக்கும் கலைவாணருக்கும்கூட அதுதான் முதல் படம். (கதாநாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிற கதை, நம்முடைய தோட்டத்து ஆட்கள் பார்த்திருந்தால் சொந்தக் கதை மாதிரி இருந்திருக்கும்.) அடுத்த வருடமே அம்பிகாபதியில் வில்லன். அப்புறம் வேலைக்காரியில் நண்பன், பாகப்பிரிவினையில் பெரியப்பா, பாமா விஜயத்தில் மூன்று மகன்களைப் பெற்ற அப்பா, தில்லானா மோகனாம்பாளில் தவில்காரர். 1972இல் இறக்கும்வரை இவருக்கு இன்ன வேஷம்தான் பொருந்தும் என்று யாரும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூட முடியவில்லை.

திருவிளையாடலில் அவர் செய்த, கர்வம் பிடித்த பாடகர் ஹேமநாத பாகவதரை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் போதுமா பாட்டுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, ஆனால் சபையைச் சுற்றி ஒரு பார்வை விடுகிறாரே, உங்களுக்கெல்லாம் இது எங்கே புரியப்போகிறது என்கிற அலட்சியம், அது முழுக்கப் பாலையாவுடையது. அதே ஆள், பிறகு ஒரு ராத்திரியில் விறகு விற்பவன் பாடுவதைக் கேட்டு வெலவெலத்து, இரவோடு இரவாக ஊரைவிட்டே கிளம்புகிறார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு காட்சி. 1964இல் வந்த காதலிக்க நேரமில்லை. நம்ம கோலாலம்பூரில் பிறந்த ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம், அந்த வகையில் நமக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். அதில் நாகேஷ், தான் எடுக்கப்போகும் பேய்க்கதையை அப்பாவாக வரும் பாலையாவிடம் சொல்கிறார். பேசுவதும் சத்தம் போடுவதும் நடப்பதும் எல்லாம் நாகேஷ். பாலையா கேட்கிறார், அவ்வளவுதான். படத்துக்குக் காசு தரமாட்டேன் என்று விறைப்பாக இருந்த பணக்காரர், கதை போகப் போக இருந்த இடத்திலேயே ஒடுங்கி, கண் விரிந்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போட்டு, நாலு வயதுப் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறார். நாம் சிரிப்பது நாகேஷைக் கேட்டு மட்டுமா? பாலையா முகத்தைப் பார்த்துத்தானே! எதிரே ஒரு மரக்கட்டை உட்கார்ந்திருந்தால் அந்தக் காட்சி பாதிகூடத் தேறியிருக்காது.

உங்கள் மதிப்பெண் தாளை நான் பார்த்திருக்கிறேன். குரல் வளம், உச்சரிப்பு, வசன மனனம், உணர்ச்சி வெளிப்பாடு. இந்தக் கணக்கில் பார்த்தால் அந்தக் காட்சிக்குப் பாலையாவுக்குப் பாஸ் மார்க்கே வராது, ஏனென்றால் அவருக்கு வசனமே ரொம்பக் குறைச்சல்.

போன போட்டியிலேயே ஒன்று நடந்தது. ஒரு பையன் மளிகைக் கடைக்காரராக வந்தான். கதாநாயகன் மேடை நடுவில் நின்று சமுதாயத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருக்கிறார், இவன் பின்னால் கடன் நோட்டை எடுக்கிறான், திறக்கிறான், கேட்கலாமா என்று ஓரடி வைக்கிறான், மறுபடியும் மூடிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறான். முழக்கத்தை ஒரு தடவைகூடக் கெடுக்கவில்லை. என் வரிசையில் இருந்த அம்மா ஒருவர் "பாவம்பா, அந்தப் புள்ளைக்குக் காசைக் குடுத்துத் தொலைங்களேன்" என்றார். நடுவர்கள் அந்த நேரம் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதன் விளைவு எங்கே போய் நிற்கிறது என்றால், நல்லா நடிக்கிற யாரும் அப்பா வேஷத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை. கடைசி நேரத்தில் இருபது வயதுப் பையனைப் பிடித்து, முடியில் பவுடரைத் தூவி, கையில் ஒரு தடியைக் கொடுத்து, வாக்கியத்துக்கு ஒரு இருமல் வைத்தால் அதுதான் நம் மேடையில் அப்பா. முன்வரிசையில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்கள் கைதட்டத்தான் செய்கிறார்கள், அவர்கள் எதற்குத்தான் தட்டவில்லை!

அதனால் நான் கேட்பது இதுதான். குணச்சித்திர நடிப்புக்கு ஆண் பெண் என்று பிரிக்காமல் ஒரு பரிசு வையுங்கள். மதிப்பெண் தாளில், பிறர் பேசும்போது இந்த நடிகர் என்ன செய்கிறார் என்று ஒரு கட்டம் போட்டு, அதற்கு நூற்றுக்குப் பத்தாவது ஒதுக்குங்கள். அதைப் பார்க்கவென்றே ஒரு நடுவரை உட்கார வையுங்கள், அவர் கையில் பேனாவே வேண்டாம், நாடகம் முடிந்ததும் எழுதட்டும். அடுத்த போட்டிக்கான விதிமுறை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன், அதற்குள் செய்துவிடலாம்.

பரிசுப் பணம்தான் இடிக்கிறது என்றால் சொல்லுங்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பழைய படப் பைத்தியங்கள் நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம், முந்நூறு ரிங்கிட் சேர்த்துத் தந்துவிடுகிறோம். பரிசுக்குப் பாலையா பெயரை வைத்தால் போதும், எங்கள் பெயர் பேனரில் வேண்டாம்.